ஒருத்தியையாவது விட்டு வையுங்கள்

ஜனவரி 9

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், அத்தானும் நலம். நீயும் தம்பியும் குட்டியும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பேருந்தில் குட்டி வாந்தி எடுக்காமல் வந்தாளா?

என் போன் பழுதாகிவிட்டது. சரிசெய்யக் கொடுங்கள் என்றேன். "உனக்கு எதுக்குப் போனு? யாரு கூப்பிடப்போறாங்க?" என்கிறார் அத்தான். அதுவும் சரிதான். இனிமேல் கடிதமே எழுது. உறையின் பின்னால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் முகவரியைப் போட்டிருக்கிறேன், அங்கேயே அனுப்பு. வீட்டுத் தபால் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்குகிறது.

மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்குச் சாப்பிடும்போது தம்பி, மாதாவும் நம்மைப் போலப் பாவம் செய்த மனுஷிதான் என்று சொன்னாரே, அது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உன் வீட்டுக்காரர் போதகர், அவருடைய சபையில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். நீ கல்யாணமாகி அவர்கள் சபைக்குப் போனபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அத்தான் அதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார், பார்த்தாயா? "நல்லாச் சொன்னீங்க போதகரே, அவங்களே அப்படின்னா மத்தவளுங்களைக் கேக்கணுமா" என்று சொன்னார். நான் கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தண்ணீர் எடுக்கப் போனேன் என்று நினைத்திருப்பாய்.

நீயும் அப்படித்தான் நம்புகிறாயா? அதை மட்டும் எழுது.

குட்டிக்கு முத்தங்கள்.

அக்கா


ஜனவரி 24

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன், ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். குட்டி பேருந்தில் வாந்தி எடுக்கவில்லை. இறங்கின பிறகு இவருடைய வேதப் புத்தகப் பையின்மேல் எடுத்தாள்.

கேட்டாய், சொல்கிறேன். அடிக்க வராதே. ஆமாம், நானும் அப்படித்தான் நம்புகிறேன். மரியாள் பாக்கியவதி. அவளைப் போல ஒருத்தி இல்லை. ஆனால் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று வேதம் சொல்லும்போது ஒருத்தியை மட்டும் ஒதுக்கி வைக்க நாம் யார்? அவளே தன் பாட்டில் தேவனை 'என் இரட்சகர்' என்கிறாள். தண்ணீரில் விழாதவளுக்குத் தூக்கிவிட ஆள் எதற்கு அக்கா? பதில் சொல் பார்ப்போம்.

பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து நாள் முழுதும் வாய் திறக்க முடியாதவர்களோடு பேசிப் பேசி எனக்குச் சலித்துவிட்டது. வாதாடுவதற்கு நீயாவது கிடைத்தாய். சின்ன வயதில் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அத்தானுக்கு எங்கள் வணக்கம். இவர் அவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் சபைக்காரர் அல்லாத ஒருவர் தான் சொன்னதை இவ்வளவு ரசித்துக் கேட்டது இதுதான் முதல் தடவையாம்.

உன் தங்கை


பிப்ரவரி 11

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம். உங்கள் நலம் அறிய ஆவல். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஈரப் போர்வையைத் தூக்கும்போது மணிக்கட்டு பிசகிவிட்டது.

உன் கேள்வியைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "குழிக்குள்ள விழுந்தவளைத் தூக்கிவிடறதும் காப்பாத்தறதுதான். விழறதுக்கு முன்னாடியே கையைப் புடிச்சு இழுத்துக்கறதும் காப்பாத்தறதுதான். மாதாவை ஆண்டவர் ரெண்டாவது விதமா காப்பாத்தினார்." இதற்கு என்ன சொல்கிறாய் வாயாடி? விழுவதற்கு முன்னாலேயே ஒரு கை வந்து பிடித்துக்கொள்வது என்றால் எப்படி இருக்கும் என்று வேலை செய்துகொண்டே யோசித்தேன். நன்றாக இருந்தது.

நான் சலவைக்கூடத்தில் சேர்ந்து எத்தனை வருஷமாயிற்று, உனக்கே தெரியும். வார்டிலிருந்து இறங்குகிற வண்டியில் ஒரு துணிகூடச் சுத்தமாக வந்ததில்லை. இரத்தம், மருந்து, குழந்தை கக்கினது, செத்துப்போனவர்களின் அடியில் விரித்தது. வெளுத்து மடித்து மேலே அனுப்பினால் மறுபடி அதே கோலத்தில் வரும். அதனால்தானோ என்னவோ, கறையே படாமல் ஒருத்தி இருந்தாள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. சாமியார் சொன்னது உனக்காக. இது எனக்காக.

அத்தான் பணிமனையில் இப்போது பெரிய டைம்கீப்பர். எந்தப் பேருந்து எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார். வீட்டிலும் அப்படியே. நான் வேலை முடிந்து வருவதற்கும் ஒரு அட்டவணை உண்டு.

குட்டி பள்ளிக்கூடம் போகிறாளா?

அக்கா


பிப்ரவரி 26

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே சுகம். மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொள், கனமானதைத் தூக்காதே. அட்டவணை போட்டுக் காத்திருக்கிற புருஷன் உனக்குக் கிடைத்திருக்கிறார். இங்கே நான் வந்தேனா இல்லையா என்றே தெரியாமல் பிரசங்கம் எழுதிக்கொண்டிருக்கிறார் ஒருவர்.

குழி விளக்கம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சாமியார் சொன்னது, வேதத்தில் எங்கே இருக்கிறது? வேதத்தில் இருப்பதைக் கேள். பிள்ளை பெற்றபின் மரியாள் ஆலயத்துக்குப் போய் இரண்டு பறவைகளைக் கொடுத்தாள். அதில் ஒன்று பாவநிவாரண பலி. பாவமே இல்லாதவள் அதை ஏன் கொடுத்தாள்? இன்னொன்று. பிள்ளை கூட்டத்தில் தவறிப்போனது தெரியாமல் ஒரு நாள் பயணம் போனாள். பெற்றவள் பார்த்திருக்கவேண்டாமா? அதற்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் நம்மைப் போலக் கோட்டைவிட்டாள் என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. போன வாரம் குட்டி கடையில் என் கையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். நான் பட்ட பாட்டில் மரியாளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உனக்கு வெளுத்த துணி மாதிரி ஒரு மாதா வேண்டும். எனக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிற ஒரு மரியாள் வேண்டும். சண்டை இவ்வளவுதான்.

உன் வாயாடி


ஏப்ரல் 2

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மாடிப்படியில் வழுக்கிவிட்டேன். முகத்தில் கொஞ்சம் வீக்கம், இப்போது வடிந்துவிட்டது. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பறவை கொடுத்தது சட்டத்துக்காக. தேவையில்லாதபோதும் ஊரோடு ஒத்துப் போனாள். அதெல்லாம் இருக்கட்டும். நான் வேறொன்று சொல்கிறேன், வேத ஆராய்ச்சி இல்லை, சும்மா யோசித்தது.

கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் வயிற்றில் பிள்ளை. ஊர் என்ன பேசியிருக்கும்? கிணற்றடியில் என்ன சொல்லியிருப்பார்கள்? அவளுக்கு நிச்சயித்திருந்த சூசையப்பர் நல்லவர், அவரே யாருக்கும் தெரியாமல் அவளைத் தள்ளி வைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசினதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. என்ன சொல்லி நம்பவைப்பாள்? நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? வானத்திலிருந்து சம்மனசு கனவில் வந்து சொன்ன பிறகுதான் அவர் நம்பினார். எல்லாப் புருஷனுக்கும் கனவு வருமா?

அதனால் சொல்கிறேன். நீங்கள் படித்தவர்கள், வசனம் வசனமாக எடுத்துக் காட்டுகிறீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பெண்ணாய்ப் பிறந்தவர்களில் ஒருத்தியையாவது விட்டு வையுங்கள். இவள் ஒன்றும் செய்யவில்லை என்று ஒருத்தியைப் பற்றியாவது சொல்ல இடம் இருக்கட்டும்.

குட்டியை நான் கேட்டதாகச் சொல். சலவைக்கூட முகவரிக்கே எழுது.

அக்கா


ஏப்ரல் 15

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். படியில் பார்த்து நடக்கக்கூடாதா? உனக்கு இரத்தம் குறைவாக இருக்கும், டாக்டரிடம் காட்டு. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு வைத்தியம் செய்துகொள்ளாதது நீ ஒருத்திதான்.

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அழுகையை வைத்து உபதேசம் செய்யமுடியாது அக்கா. இவர் அதே விஷயத்தைப் போன மாதம் பிரசங்கம் பண்ணினார். 'பாவமில்லாத ஸ்திரீ உண்டோ?' என்று சின்னப் புத்தகமாக அச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாகப் படி. அத்தானும் படிக்கட்டும், அவருக்குத்தான் இவர் பேச்சு பிடிக்குமே. அதனால்தான் இந்த முறை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். மழைதான் விட்டுவிட்டதே.

"எல்லாப் புருஷனுக்கும் கனவு வருமா" என்று கேட்டாயே, அதை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "உங்க அக்கா நம்ம சபைக்கு வந்திருந்தா நானே பிரசங்கம் பண்ண விட்டிருப்பேன்" என்கிறார். அத்தானுக்கு இந்த மாதிரிக் கனவெல்லாம் வருகிறதா என்று கேட்டுச் சொல்.

உன் வாயாடி


மே 20

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீயும் அத்தானும் சுகமா? பதிலே இல்லை. புத்தகம் அனுப்பினது பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு, அதற்காகப் பேசாமல் இருக்காதே. அத்தானின் பணிமனைக்குப் போன் செய்தேன். "அவ நல்லாத்தான் இருக்கா, வேலையா இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

தங்கை


ஜூன் 4

வணக்கம் அம்மா.

என்னை உங்களுக்குத் தெரியாது. சலவைக்கூடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உங்கள் அக்காவுக்கு வருகிற கடிதங்களை நான்தான் வாங்கி வைப்பேன். அப்படித்தான் உங்கள் முகவரி தெரியும். இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ஒரு மாதத்துக்கு மேலாக அவள் வேலைக்கு வரவில்லை. நேற்றுதான் வந்தாள், கையில் மாவுக்கட்டோடு. படியில் விழுந்தேன் என்றாள். அவள் வீட்டில் படியே கிடையாது அம்மா. நான் போயிருக்கிறேன். அது தரைத்தள வீடு, மாடிக்கு வழி வெளியே இருக்கிறது. இங்கே எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

நேற்று அவளே சொன்னாள். நீங்கள் அனுப்பின புத்தகமும் கடிதமும் அவள் வீட்டுக்காரர் கையில் கிடைத்திருக்கிறது. வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி படித்தாராம். "போதகர் அச்சுப் போட்டே குடுத்துட்டாரு. பாவம் செய்யாத பொம்பளையே இல்லையாம். அப்ப நீ யாரோட பேசிக்கிட்டு நின்னுட்டு லேட்டா வர்ற, சொல்லு" என்றாராம். பிறகு கனவைப் பற்றி ஏதோ எழுதியிருந்ததாம். "என்னை வச்சு ரெண்டு வீடும் சிரிக்குதா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் யாரோடும் நின்று பேசுவதில்லை அம்மா. வேலை முடிந்ததும் ஓடுகிற ஓட்டத்தில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டமாட்டாள். போலீசில் சொல்லலாமா என்றேன். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் என் காலைத் தொட வந்துவிட்டாள்.

உங்கள் இரண்டு கோயில் வழக்கும் எனக்குத் தெரியாது. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. நீங்கள் வேண்டுமென்று செய்திருக்கமாட்டீர்கள். இனி வீட்டுக்கு எழுதாதீர்கள், என் பெயருக்கு எழுதுங்கள்.

சலவைக்கூடச் சூப்பர்வைசர்


ஜூன் 9

என் அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்க வாய் வரவில்லை.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். போன், மழைத் தண்ணீர், மணிக்கட்டு, படி. எல்லாம் எழுதித்தான் இருந்தாய். நான் வசனம் தேடிக்கொண்டிருந்தேன். ஒருத்தியையாவது விட்டு வையுங்கள் என்று நீ கேட்டது மாதாவுக்காக என்று நினைத்துவிட்டேன் அக்கா.

இவரிடம் சூப்பர்வைசர் அம்மாவின் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியில், "ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கிட்டே சொன்னேன் அந்த வார்த்தையை. யோசிக்கக்கூட இல்ல" என்றார். மிச்சமிருந்த புத்தகங்களைச் சபை அலமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டார்.

இங்கே வந்துவிடு. பின்னறையை ஒழித்துவிட்டோம். சுவரில் இவரே ஆணி அடித்திருக்கிறார், உன் மாதா படத்தை மாட்டிக்கொள்ள. போதகர் வீட்டில் மாதா படமா என்று சபையில் கேட்பார்கள், கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்கிறார்.

நீ நம்புவதை நான் நம்புகிறேனா என்று கேட்டால், பொய் சொல்லமாட்டேன், தெரியவில்லை. ஆனால் நீ ஒன்றும் செய்யவில்லை. அதை நம்புகிறேன். எனக்குக் கனவு வரவேண்டாம், வசனம் வேண்டாம். நீ ஒன்றும் செய்யவில்லை அக்கா.

வந்துவிடு.

தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

நான் நலம், அத்தான் நலம். கட்டுப் பிரித்தாகிவிட்டது. விரல்கள் மடங்குகின்றன. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அழாதே. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் வீட்டில் ஆணி அடிக்கவேண்டாம். மாதா படத்தை அத்தான் கழற்றிவிட்டார், நானும் தடுக்கவில்லை. எங்கே வைத்தார் என்று கேட்கவும் இல்லை.

புத்தகத்தை நிதானமாகப் படி என்று எழுதியிருந்தாய். படித்தேன். நீ சொன்னதே சரி என்று தோன்றுகிறது. யாரும் சுத்தமாக இருந்திருக்க முடியாது. அவள் மட்டும் எப்படி? ஒருவர் இத்தனை வருஷமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால் அதில் ஏதோ கொஞ்சம் இருக்கத்தானே வேண்டும்? வெறும் வாயை யாராவது இவ்வளவு காலம் மெல்வார்களா?

போன வாரம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். என்ன பாவம் செய்தாய் என்று சாமியார் கேட்டார். "தெரியல சாமி. ஆனா இருக்கும்" என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "நீங்க மன்னிச்சிருங்க சாமி, என்னன்னு பிறகு தெரியும்" என்றேன். மன்னிப்பு ஜெபம் சொன்னார். வெளியே வந்தபோது மனசு இலேசாக இருக்கும் என்று நினைத்தேன். பசிதான் எடுத்தது.

வேலையை விட்டுவிட்டேன். அத்தானுக்கு அதுதான் நிம்மதி. சூப்பர்வைசர் அம்மா நல்லவள், அவளைச் சங்கடப்படுத்தாதே.

குட்டியைக் கூட்டத்தில் கைவிடாதே.

அக்கா


ஜூலை 19

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

அக்காவைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். போன சனிக்கிழமை நானும் இவரும் போயிருந்தோம்.

அத்தான்தான் கதவைத் திறந்தார். "வாங்க வாங்க" என்று முகம் கொள்ளாத சிரிப்பு. அக்கா உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டி, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல, "பிரயாணம் நல்லா இருந்துச்சா?" என்றாள். மெலிந்திருந்தாள். காப்பி கொண்டுவந்தாள். இடது கையால்தான் கொடுத்தாள்.

இவர் குடிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எங்க சபை வேற, உங்க சபை வேற, அது இருக்கட்டும். உங்க முன்னால, இவர் முன்னால அதைச் சொன்னது தப்பு. என்னை மன்னிக்கணும்" என்றார். அக்கா பதறிப்போனாள். "அய்யோ தம்பி, நீங்க சொன்னது வேதத்துல இருக்கறதுதானே" என்றாள். இவர் இல்லை என்றும் சொல்ல முடியாமல், ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர் அம்மா, கல்யாணமானதிலிருந்து இவர் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை.

நான் நேராகவே கேட்டேன். "அக்கா, எங்களோட வந்துடு." அத்தான் கோபப்படவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "போகட்டுமே. நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? இப்பவே போகச் சொல்லுங்க" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் பேருந்து போவதுகூடத் தெரிந்தது.

அக்கா என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். வருகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் காதோடு சொன்னாள்: "நான் போனா, அவர் சொன்னதெல்லாம் நிஜம்னு ஆயிடும்ல. இங்கேயே இருந்தாத்தான், ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள், இவ ஒண்ணும் பண்ணலைன்னு அவருக்குத் தெரியும்."

நான் என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "நேரமாச்சு, பேருந்தை விட்டுடுவீங்க" என்றாள்.

திரும்பி வரும்போது இவர் சன்னல் பக்கம் திரும்பியே வந்தார். மறுநாள் ஞாயிறு. பிரசங்க மேடையில் ஏறி வேதப் புத்தகத்தைத் திறந்தார், வாசிக்கவேண்டிய பகுதியை வாசித்தார். மூடி வைத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாடகர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவளைப் பாருங்கள். எதுவும் பேசவேண்டாம், கடையில் பார்த்ததுபோல் சிரித்தால் போதும். அறை அப்படியேதான் இருக்கிறது. என்றைக்குக் கேட்டாலும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா? முதலில் கேட்டிருக்கவேண்டும். மன்னிக்கவேண்டும்.

இப்படிக்கு,
அவள் தங்கை